ஒலி எவர் உடைமை?

"இலத்திரனியல் இசை மேனாட்டுச் செல்வரின் பொழுதுபோக்கு, வறிய நாட்டு மக்களுக்கு அது எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உளர். அவருள் ஒரு சாரார் மரபின் காவலர். மறு சாரார் மக்கள் கலையின் பெயரால் பேசுவோர். இருவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். கருவிக்குக் குலம் கோத்திரம் பார்க்கின்றனர். அது எவர் கையில் இருக்கிறது என்று கேட்க மறக்கின்றனர்.

கர்நாடக இசையின் இன்றியமையாத பக்கவாத்தியமாகிவிட்ட வயலின் ஐரோப்பாவில் பிறந்ததன்றோ? ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கியது. 1971 வரை விலக்கே நீடித்தது. ஆயினும் நாடக மேடை அதைக் கைவிடவில்லை. மக்கள் பற்றிக்கொண்ட கருவியை எந்த ஆணையும் ஊமையாக்க இயலாது.

இதற்கு மறுதலையானது அகமதாபாத்தின் கதை. அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மூக் ஒலியாக்கியை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் அதில் புதிய ஒலிகளைப் படைத்தனர். ஆனால் 1972 வரையான அவர்களது ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் காப்பகத்தில் உறங்கின. பால் பர்கஸ் என்னும் பிரித்தானியக் கலைஞர் தேடியெடுத்த பின்னர், 2023இல்தான் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. திறமையா குறைந்தது? இல்லை. சுவர்களுக்குள் சிலருக்கென வளர்ந்த கலை, கூடம் ஓய்ந்ததும் தானும் ஓய்ந்தது.

கலிபோர்னியாவிலோ 1978இல் சில இசைஞர் மலிவான சிறு கணினிகளைத் தாமே இணைத்து இசைத்தனர். அவர் வழிவந்த 'தி ஹப்' குழு, 1987இல் நியூயோர்க்கின் இரு அரங்குகளைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்து ஒரே நிகழ்ச்சி நடத்தியது. இணையவழிக் கச்சேரியின் முன்னோடி இதுவே.

திருகோணமலைத் துறைமுகத்தில் வாழ்வோருக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது. 1957 வரை இத்துறை பிரித்தானியக் கடற்படையின் தளம். 1980களில் ஜெர்மன் வானொலி இக்கரையிலே அஞ்சல் நிலையம் நிறுவி ஆசியாவுக்குப் பேசியது. பின்னரே அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. கரை நமது, அதிலிருந்து எழுந்த குரல் எவருடையது?

இன்று இணையம் நம் வாசலில் நிற்கிறது. போர் பிரித்த குடும்பங்களில் ஒரு பாதி இங்கும் ஒரு பாதி இலண்டனிலுமாக வாழ்கின்றன. இடைத்தூரம் 8,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடினும், ஒலி சென்றடைய நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கேனும் ஆகும். நடைமுறையில் இன்னும் மிகும். விரைந்த தாளம் சிதறும் என்பது உண்மை. ஆனால் ஆலாபனைக்குத் தாளம் வேண்டுமோ? வலை இழுப்போரின் அம்பாப் பாட்டில் ஒருவர் எடுக்க மற்றோர் ஏற்பதில்லையா? தாமதத்தையே இலக்கணமாக்கும் மரபு நம் கையிலேயே இருக்கிறது!

ஆகவே ஆசிரியர்களே, மாணவர்களே, வாயிற்காவலரின் அனுமதிக்குக் காத்திராதீர். பள்ளியின் பழைய கணினியைத் திறவுங்கள்; கடலோசையையும் அம்பாப் பாட்டையும் பதிவு செய்யுங்கள்; கடல் கடந்த உறவினரை மறுமொழி பாட அழையுங்கள். கற்றதை அடுத்த பள்ளிக்கும் கற்பியுங்கள். பலர் அறிந்த கலையை எவரும் பூட்டி வைக்க இயலாது.