பந்து நம் பிள்ளையின் காலில். சாவி யார் கையில்?

புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. சென்னைப் பட்டணம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு அங்கிருந்துதான் போகிறது. அந்த ஏரி மதகின் சாவி ஒரு தனி முதலாளியின் சட்டைப் பையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வருஷம் எனக்கு லாபமில்லை, மதகைத் திறக்க மாட்டேன்" என்று அவர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? குடங்களோடு ஜி.என்.டி. சாலையை மறித்து உட்கார்ந்துவிட மாட்டோமா? தண்ணீர் பொதுச் சொத்து. அதைப் பூட்டிவைக்க யாருக்கும் அதிகாரமில்லை என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் குழந்தையின் விளையாட்டு விஷயத்தில் மட்டும் நாம் சாவியைக் கோட்டை விட்டுவிட்டு நிற்கிறோம். கால்பந்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

"அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவனுக்கும், நாற்று நடுகிறவளுக்கும் கால்பந்து எதற்கு? கூலி உயர்வைப் பற்றி எழுதுங்கள் தோழரே" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கூலியின் கதையும் கால்பந்தின் கதையும் வேறு வேறு அல்ல. பஞ்சாலைத் தொழிலாளியின் ரத்தத்தோடும் வியர்வையோடும் சேர்ந்து பிறந்த ஆட்டம் இது.

பஞ்சாலையில் பிறந்த ஆட்டம்

இங்கிலாந்தில் ஆலைச் சட்டத்தை 1850-ல் திருத்தினார்கள். பஞ்சாலைகளில் பெண்களுக்கும் இளம் தொழிலாளிகளுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை கூடாது என்றது அந்தச் சட்டம். அவர்கள் வெளியேறிய பிறகு இயந்திரத்தை ஓட்டிப் பயனில்லை. ஆகவே நாளடைவில் ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. அதை முதலாளிகள் தாமாக மனமுவந்து கொடுத்துவிடவில்லை. பத்து மணி நேர வேலைக்காகப் பல வருஷங்கள் நடந்த கிளர்ச்சியின் பலன் அது. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில்தான் ஆலைத் தெருக்களில் பந்து உருண்டது.

அதுவரை கோப்பைகளை வென்றவர்கள் யார்? சீமான் வீட்டுப் பள்ளிகளில் படித்த கனவான்கள். 1883 மார்ச் 31-ம் தேதி லண்டனில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களான அந்தச் சீமான்களின் கோஷ்டியை, பிளாக்பர்ன் என்ற பஞ்சாலை ஊரின் ஒலிம்பிக் கிளப் 2-1 என்று தோற்கடித்தது. வென்ற கோஷ்டியில் நெசவாளிகள் இருந்தார்கள். நூற்பாலைத் தொழிலாளி இருந்தார். இரும்பு வார்ப்படத் தொழிலாளி இருந்தார். குழாய் வேலை செய்கிறவர் இருந்தார். உழைப்பாளியின் கால் சீமானின் கோட்டையைத் தகர்த்த நாள் அது.

கதை அதோடு முடியவில்லை. கால்பந்தில் பணம் நுழைந்தது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வசதியுள்ள பெரிய கிளப்புகள் 1888-ல் சேர்ந்து ஒரு லீக் அமைத்தன. கோப்பை வென்ற பிளாக்பர்ன் ஒலிம்பிக்குக்கு அதில் இடமில்லை. 1889-ல் அந்தக் கிளப் மூடப்பட்டது. கோப்பை வென்றது உழைப்பு. கதவைச் சாத்தியது பணம். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

கோப்பைக்குப் பின் என்ன?

2019 மார்ச் 9-ம் தேதி, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி கால்பந்து கிளப் பஞ்சாபின் மினர்வா கிளப்பை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. நாட்டின் மேல்மட்ட லீக்குகள் இரண்டில் ஒன்று அது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு பின்னால் நிற்க, நம் தமிழ்நாட்டுக் கிளப் 43 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. அதே வருஷம் ஸ்விட்சர்லாந்தின் பாஸெல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கை வாங்கியது. இனி பொற்காலம்தான் என்றார்கள். பொற்காலம் எத்தனை நாள் நீடித்தது? 2020-21-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தக் கிளப்பின் பெயரே இல்லை!

அடுத்தது சென்னையின் எஃப்.சி. 2014-ல் ஐ.எஸ்.எல். என்ற லீக்கோடு சேர்ந்து பிறந்தது. சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் நட்சத்திரமும் பங்குதாரர்கள். பெரிய கோஷ்டி, அதன் கீழே சிறுவர், வாலிபர் கோஷ்டிகள், பயிற்சிக்கூடம் என்று விஸ்தாரமான அமைப்பு. 2015-லும் 2018 மார்ச்சிலும் கோப்பை வென்றது. இரண்டாவது கோப்பையை வென்ற கோஷ்டியில் வியாசர்பாடித் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் இருந்தார். நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் அந்த லீக் யாருடையது? 2010-ல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்துக்கு 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் என்று வியாபார உரிமையை எழுதிக்கொடுத்தது. 15 வருஷம் முடியும் தறுவாயில், புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகாத காரணத்தைச் சொல்லி 2025 ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூர் கிளப் ஆட்டக்காரர், ஊழியர் சம்பளத்தை நிறுத்தியது. அதைத் தொடர்ந்து சென்னையின் எஃப்.சி.யும் தன் நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது.

ஆலைத் தொழிலாளிக்கு இதற்குப் பெயர் தெரியும். கேட்டில் நோட்டீஸ் ஒட்டி, பூட்டுப் போட்டு, "நிலைமை சீரானதும் சொல்லி அனுப்புகிறோம்" என்பது பெரம்பூர் கண்ட பழைய வித்தை. நின்ற சக்கரம் மறுபடி சுற்றத்தான் செய்யும். ஆனால் சக்கரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே நம் கேள்வி. உதைக்கிறவன் உழைப்பாளியின் பிள்ளை, கைதட்டுகிறவன் உழைப்பாளி. நிறுத்துகிறவன் மட்டும் வேறு ஒருவன்!

நம் தெரு வளர்த்த பிள்ளைகள்

கோடிகள் புரளாத இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். வியாசர்பாடியில் உள்ளூர் ஆட்டக்காரரான உமாபதியும் அவருடைய நண்பர்களும் கால் நூற்றாண்டாகக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்து வருகிறார்கள். பள்ளிக்கூடம் போனால்தான் பந்து என்பது அங்கே கட்டளை. பையன்களோடு பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். அந்தப் பேட்டையை ஜனங்கள் "குட்டி பிரேசில்" என்று அழைக்கிறார்கள்.

வட சென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகன் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12-ம் தேதி கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் கோஷ்டிக்காக மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல் வெற்றி தேடித்தந்தது. நாலரை வருஷமாக அந்த எதிராளியை வெல்ல முடியாமல் தவித்த லட்சக்கணக்கான வங்காளிகள் ஒரு தமிழ்ப் பையனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பெண்கள் மட்டும் இளைத்தவர்களா? 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் கோஷ்டி மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தது.

இந்தப் பிள்ளைகளை வளர்த்தது எந்தக் கம்பெனி? தெரு வளர்த்தது, தாயின் கூலி வளர்த்தது, காசு கேட்காத ஒரு பொது மைதானம் வளர்த்தது. அந்த மைதானத்துக்கும் ஆபத்து வந்தது.

மணிக்கு 120 ரூபாய்!

2024 அக்டோபர் 29-ம் தேதி சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். செயற்கைப் புல் போட்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது. ஆடவரும் ஒவ்வொருவரிடமும் மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பது திட்டம்.

கணக்குப் போடுங்கள் தோழர்களே. ஒரு பையன் தினம் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தால் 240 ரூபாய். மாதத்தில் 25 நாள் என்றால் 6,000 ரூபாய். வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஆடினால் 12,000 ரூபாய். செங்குன்றம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் தகப்பன் இதைக் கொடுப்பானா? சோழவரத்தில் களை பறிக்கும் தாய் கொடுப்பாளா? நம் வரிப்பணத்தில் போட்ட புல்லை நம் பிள்ளை மிதிக்க வாடகையா?

ஊரெங்கும் கண்டனம் எழுந்தது. மன்ற உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள். ஆட்டக்காரர்களும் பெற்றோரும் கொதித்தார்கள். மறுநாளே மாநகராட்சி பின்வாங்கியது. கட்டணம் இல்லை என்று அறிவித்தது. ஒன்றுபட்ட குரலுக்கு ஒரே நாளில் கிடைத்த வெற்றி இது. ஆனால் மறந்துவிடாதீர்கள். ஒருமுறை வந்த யோசனை வேறு வேஷத்தில் மறுபடி வரும்.

நேரமும் வேண்டும்

மைதானம் மட்டும் இருந்தால் போதுமா? ஆடுவதற்கு நேரம் வேண்டும். 2023 ஏப்ரல் 21-ம் தேதி தமிழ்நாடு சட்டசபையில் ஆலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி திறந்த திருத்தம். 12 மணி நேரம் உழைத்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று, வீட்டுக்கு வந்து விழுகிற வாலிபன் எப்போது பந்தைத் தொடுவான்? தொழிற்சங்கங்கள் கட்சி வித்தியாசம் பாராமல் எதிர்த்தன. மே 1-ம் தேதி அந்தத் திருத்தம் வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 1923 மே 1-ம் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை உயர்த்திச் சரியாக நூறு வருஷம் ஆகியிருந்தது! எட்டு மணி நேர வேலை என்ற அந்தப் பழைய கோரிக்கைக்குள் நம் பிள்ளையின் மாலை நேர விளையாட்டும் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்க இலாகா முதலியவை கால்பந்து கோஷ்டி வைத்து, ஆட்டக்காரனுக்கு வேலையும் கொடுத்து வந்தன. நன்றாக ஆடினால் குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்பதே ஏழை வீட்டின் நம்பிக்கை. நிரந்தர வேலையை ஒழித்து எங்கும் காண்டிராக்ட் என்று ஆக்கினால், அந்த ஏணியும் முறிந்துபோகும். முப்பது வயதில் முழங்கால் போன ஆட்டக்காரனுக்கு எந்த முதலாளி சோறு போடுவான்?

என்ன செய்வது?

முதலாளி தரும் பணமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாவி அவன் கையில் மட்டும் இருக்கக்கூடாது என்கிறோம். ஜெர்மனி ஒன்றும் சோஷலிச நாடல்ல. அங்கேகூட 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, கால்பந்துக் கிளப்பின் ஓட்டுகளில் பாதிக்கு மேல் சந்தா கட்டும் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். அங்கே முடியுமானால் இங்கே ஏன் முடியாது?

ஆகவே நாம் கோருவது இதுதான். புழல், மாதவரம், செங்குன்றம், மணலி வட்டாரத்தில் வார்டுதோறும் கட்டணமில்லாத, பூட்டில்லாத பொது மைதானம் வேண்டும். இருக்கும் மைதானத்தில் ஓர் அடியும் தனியாருக்குப் போகக்கூடாது. லீக்கில் ஆடும் கிளப்புகள் தங்கள் சிறுவர் பயிற்சிக்கூடங்களை இஷ்டப்படி மூடாதிருக்கச் சட்டம் வேண்டும். ஆட்டக்காரர், ஊழியர் சம்பளத்துக்கு முன்கூட்டியே ஈட்டுத்தொகை கட்டவைக்க வேண்டும். அரசுத் துறைகளில் விளையாட்டு வீரருக்கு நிரந்தர வேலை வேண்டும்.

சர்க்காரிடம் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபர் சங்கமும் சேர்ந்து தத்தம் பகுதியில் கிளப் அமைக்கட்டும். மாதம் பத்து ரூபாய் சந்தா போதும். வரவு செலவைப் பலகையில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்கட்டும். சாதி பாராமல், ஆண் பெண் பாராமல் பிள்ளைகளைச் சேர்க்கட்டும். அந்தக் கிளப் நாளைக்கே கோப்பை வெல்லாமல் போகலாம். ஆனால் எந்த முதலாளியும் அதன் கேட்டில் நோட்டீஸ் ஒட்ட முடியாது.

1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது அவர்கள் கையில் கோடியா இருந்தது? ஒற்றுமை இருந்தது. அதே ஒற்றுமையோடு நம் பிள்ளைகளின் மைதானத்துக்குக் காவல் நிற்போம். ஏரி மதகைப் போல மைதானத்தின் சாவியும் பொதுமக்கள் கையிலேயே இருக்கட்டும்!