மகேந்திரகிரியின் உறுமல்

பணகுடி, காவல்கிணறு பக்கத்துக்காரர்களுக்கு மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை என்றால் முதலில் சத்தம்தான். 'இவ்வளவு கோடியைக் கொட்டி நமக்கு என்ன லாபம்?' என்று டீக்கடையில் கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2024 பிப்ரவரி 17 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோளைச் சுமந்து போனது. அதன் கிரையோஜெனிக் எஞ்சின் சோதிக்கப்படுவது இந்த மலையடிவாரத்தில்தான். அந்த ஏவுதலுக்குச் சரியாக இரண்டு மாதம் முன்புதான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். அன்றும் மேலே இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அப்படியொரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. மேகம் எங்கே திரள்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லும். எந்தக் குளத்தின் கரை இன்றிரவு தாங்காது என்று சொல்ல ஊருக்கு ஊர் மழைமானி வேண்டும், மடையையும் கலுங்கையும் போய்ப் பார்க்கிற ஆள் வேண்டும். (நம் ஊர்களில் அந்த ஆள்தான் இல்லை.) கடலோரத்தில் நிலைமை மேல்: ஓஷன்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் அளக்க, மீன் கூடும் இடம் பற்றிய தகவல் ஹைதராபாத் மையத்திலிருந்து மீனவருக்கு வருகிறது. அதே அக்கறையோடு ஆற்றுப் பாசனக் குளங்களின் நீர்மட்டத்தையும் வெள்ள எச்சரிக்கையையும் விவசாயியின் செல்போனுக்கு அனுப்புங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதைச் செய்யுங்கள்.