மெனு யாருக்காக?



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றதும் நம்மில் பலர் எடுப்பது டேட்டாபேஸ்தான். நூலகம், ஸ்டோர்ஸ், சம்பளப் பட்டியல் என்று தலைப்பு மாறும். திரை மட்டும் மாறாது. மேலே ஃபைல், எடிட், மாஸ்டர், டிரான்ஸாக்‌ஷன், ரிப்போர்ட். அதன் கீழே டூல்பாரில் கலர் கலராய் இருபது பட்டன். எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டால், எழுதினவனே மவுஸை மேலே வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறான்!

ஃபைல், எடிட் என்ற வரிசையைப் பிரபலமாக்கியது 1984-ல் வந்த ஆப்பிள் மேக்கின்டாஷ். கடிதம் அடிப்பவருக்கும் படம் வரைபவருக்கும் அது சரி. ஸ்டோர்ஸில் ஃபைல் எது, எடிட் எது? நாம் மெனுவை நம்முடைய டேபிள்களின் வரிசையில் போடுகிறோம். வேலை பார்ப்பவரின் வேலை வரிசையில் அல்லவா போட வேண்டும்!

திருநின்றவூரில் ரயிலேறி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு டிரெயினிங் போன நாட்களில் இதை ஒரு பட்டறையில் நேரிலேயே பார்த்தேன். ஒரு டிரில் பிட் கொடுத்ததைப் பதிய, ஸ்டோர்கீப்பர் அண்ணன் மெனுவுக்குள் மெனுவாக நாலு படி இறங்க வேண்டும். எதிரே ஆட்கள் நிற்கும்போது முடியுமா? "நோட்டுல எழுதி வை தம்பி, சாயங்காலம் ஏத்திக்கலாம்" என்பார். சாயங்காலம் இரண்டு வரி விட்டுப்போகும். மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். திட்டு யாருக்கு? மெனு போட்டவனுக்கா? அண்ணனுக்குத்தான்!

நேர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்குச் சரியான சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-ல் அப்பாவும் பிள்ளையுமாகத் தொடங்கிய நிறுவனத்தின் டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். எல்லாம் கணக்கர் பேசும் வார்த்தைகள். அந்தச் சாவிகளின் பெயர்கள் வலப்பக்கம் எப்போதும் தெரியும். கணக்கர்கள் மவுஸைத் தொடாமலே வவுச்சர் போடுகிறார்கள்.

நாமும் இப்படிச் செய்யலாம். ஒரு நாளில் ஐம்பது முறை செய்யும் வேலைக்கு மட்டும் டூல்பாரில் இடம். படத்தோடு பெயரும் வேண்டும், முடிந்தால் தமிழில். ஒவ்வொரு பட்டனும் மெனுவிலும் இருக்கட்டும், பக்கத்தில் அதன் சாவியோடு. சேவ் பக்கத்தில் டிலீட்டை வைக்கவே வேண்டாம். இப்போது செய்ய முடியாத வேலையை மறைக்காமல் மங்கலாகக் காட்டுவோம். இடம் மாறினால் கைப்பழக்கம் கெட்டுவிடும்.

"கலர்ஃபுல்லா இருந்தாத்தான்டா எக்ஸ்டர்னல் மார்க் போடுவார்" என்பான் பக்கத்து பெஞ்சு நண்பன். எக்ஸ்டர்னல் பார்ப்பது பத்து நிமிஷம். அண்ணன் பார்ப்பது எட்டு மணி நேரம்.

நம் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார், கையில் பொருளில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார் என்கிறது பெரியபுராணம். அஸ்திவாரம், விமானம், கிணறு, மதில் என்று ஒன்றையும் விடவில்லை. நமக்கும் முதலில் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு பேப்பர், ஒரு பென்சில் போதும். வேலை பார்ப்பவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, அவர் செய்வதை வரிசையாக எழுதுவோம். அந்த வரிசைதான் மெனு. கோடிங் அதற்கப்புறம்!