புதுப்பாட்டு வேண்டினார்க்கு

சென்ற வேனில் விடுமுறையில் யான் ஏற்காட்டில் என் மாமன் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். மாமன் காப்பித் தோட்டமொன்றில் கணக்கெழுதுபவர். அத்தோட்டத்திற் பழம் பறிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன், சேலத்தில் முதலாண்டு படிப்பவன், ஒரு மாலை என்னிடம் வந்து, "அண்ணா, நீங்கள் தமிழ் படிக்கிறவர். சினிமாப் பாட்டெல்லாம் கேட்டுத் தீர்ந்துவிட்டது. புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்றான். சிறு கேள்விதான். ஆயினும் அதற்கு விடை சொல்லப் புகுந்து யான் பட்ட பாட்டை நம் கல்லூரி அன்பர்க்கு உரைத்தல் தகுமென எண்ணி இதனை எழுதலானேன்.

இக்காலத்தில் இசைக்குப் பஞ்சமில்லை. செல்பேசியைத் தொட்டவுடன் உலகத்துப் பாட்டெல்லாம் வந்து குவிகின்றன. அப்பையனுக்கோ அவ்வசதி முழுதும் வாய்த்திலது. அவன் குடியிருப்பு ஒரு பள்ளத்தில் உள்ளது. அங்கே சிக்னல் எட்டாது. ஏரிக்கரைக் கடைத்தெருவிற்கு வரும்பொழுது இறக்கி வைத்துக்கொண்டதே அவனுக்கு வாரமெல்லாம் துணை. ஆகவே யான் சொல்வன மூன்று நான்காயினும் ஒவ்வொன்றும் தேறுவதாயிருத்தல் வேண்டும். நண்பர் ஒருவர் கேட்டால் இருபது பெயர்களை எழுதியனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று நாம் இருந்துவிடுகின்றோமே, அது பட்டியல், பரிந்துரையன்று.

தனிப்பாட்டைச் சொல்லாது தொகுப்பையே சொல்வதெனத் துணிந்தேன். ஆல்பம் என்னும் பெயர் வந்த வழி அறியத்தக்கது. பழைய கிராமபோன் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு புறத்தில் மூன்று நான்கு நிமிடமே அடங்கும். நீண்ட இசைக்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தமையின், அவற்றை உறைகளில் இட்டுப் படப்புத்தகம்போற் கட்டி விற்றனர். 1948இல் நீள்தட்டு வந்து புறத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேலாகப் பாடியது. புத்தகக் கட்டு மறைந்தது, பெயர் நின்றது. தமிழ் பயில்வார்க்கு இஃது எளிதில் விளங்கும். ஐங்குறுநூற்றுப் பாட்டுகளைக் கூடலூர் கிழார் பத்துப் பத்தாக அடுக்கி வைத்தாரன்றோ? நடுவில் ஒன்றைப் பறித்துப் படித்தாலும் சுவைக்கும். பத்தையும் படிப்பவனுக்கே அடுக்கின் அருமை தெரியும்.

இதற்கு ஏற்காட்டு மலைப்பாதையினும் சிறந்த இடம் யான் கண்டதில்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தொகுப்பை முழுதும் கேட்க அது போதும். பாதை தொடங்குமுன் மாடர்ன் தியேட்டர்ஸின் வாயில் வளைவு தனித்து நிற்கின்றது. டி. ஆர். சுந்தரம் நிறுவிய படநிலையம் இன்றில்லை. 1950இல் ஜி. இராமநாதன் இசையமைத்த மந்திரிகுமாரியும், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்த அலிபாபாவும் 40 திருடர்களும் என்பதும் அந்நிலையத்தின் படங்களே. சினிமாப் பாட்டென்றாலே இகழ்வோர் அவ்வளைவைக் கடக்கும்போதேனும் வாயடங்குதல் நன்று. யான் இகழ்ந்தேனில்லை, அவன் கேட்டது வேறு, அவ்வளவே.

முதலில் யான் சொன்னது பிழையாயிற்று. பாக் என்னும் ஜெர்மானியப் பேராசானின் பெரும் பூசையிசையைக் கேள் என்றேன். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடுவது. யானே ஒருமுறையும் முடிவுவரை கேட்டறியாதது! மூன்றாம் நாள் வந்து, "நன்றாய் இருக்கிறது அண்ணா" என்றான். அவன் முகம் வேறு சொல்லிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவனுக்கு எது வேண்டுமென்று யான் ஒரு கணமும் எண்ணவில்லை. இன்னதைக் கேட்பவன் இவ்வண்ணன் என்று அவன் வியத்தல் வேண்டுமென்றே எண்ணினேன். பசித்து வந்தவனுக்கு நம் வீட்டு வெள்ளித்தட்டைக் காட்டுவது போன்றது அது.

மறுநாள் அவனைத் தேடிச் சென்று, "தம்பி, உனக்குப் பிடித்தது எது? அதைச் சொல் முதலில்" என்றேன். 2021இல் வந்த எஞ்சாயி எஞ்சாமி என்றான். அறிவு என்னும் பாடகர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து நிலமற்றுத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளை நினைந்து பாடியது. "எங்கள் ஆயாவும் தோட்டத்தில்தானே, அண்ணா" என்றான். யான் முதலிற் கேட்டிருக்க வேண்டியது அதனையன்றோ!

பின்னர் மூன்று சொன்னேன். முதலாவது, அவ்வறிவே 2019இல் வெளியிட்ட தெருக்குறள். சொல்லிசை என இக்காலத்தார் வழங்கும் வகை. சொற்கள் கரடுமுரடானவை, இலக்கணம் வல்லார் சிலர் முகஞ்சுளிப்பர். ஆயினும் எதுகையும் மோனையும் அங்கே விரைந்தோடுவதைக் கேட்டால் யாப்பு இறந்துவிட்டது என்று எவரும் சொல்லத் துணியார்.

இரண்டாவது, இளையராஜா 1986இல் தந்த ஹவ் டு நேம் இட். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் ஒருங்கே காணிக்கையாக்கப்பட்டது, வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். பாட்டுச் சொல் இல்லை. பாக் தம் வீட்டிற்கு வந்ததாகவே ஓர் உருப்படிக்குப் பெயரிட்டார் மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திற் பிறந்த அவர். அச்சத்தோடு கேட்ட ஜெர்மானியர் அதில் அண்டைவீட்டாராகிவிடுகிறார்.

மூன்றாவது, அவரே 2005இல் அளித்த திருவாசகம். மாணிக்கவாசகர் சொற்களுக்கு ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் இசைக்குழு துணை நிற்பது. இதனை யான் கேட்பதறிந்த எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவர், நம்மவர்க்கு இஃது ஆகுமா என்று கடிந்துகொண்டார். அவரோடு வாதிட்டேனில்லை. போப்பையர் தம் எண்பதாம் வயதில், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இவ்விசையை வெளிக்கொணர முன்னின்றவரும் ஜெகத் கஸ்பர் என்னும் கத்தோலிக்கக் குருவே. ஒருவர் கண்ணீரோடு பாடியதைக் கேட்டால் நம் விசுவாசம் கரைந்துவிடும் என்று அஞ்சுவோமாயின், அஞ்சத்தக்கது அப்பாட்டன்று.

பையன் முதலிரண்டையும் இருமுறை கேட்டான். திருவாசகம் பாதியில் நின்றது; பொறுத்துக் கேட்பதாகச் சொன்னான். யான் வற்புறுத்தவில்லை.

ஊர் திரும்பும் நாளில் அவன் தன் செல்பேசியை என் காதில் வைத்தான். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவிற்கு மலையாளிகள் என்னும் இம்மலைக்குடிகள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடுவர். அங்கே அவன் ஆயாவும் பிற மகளிரும் பாடியதைப் பதிந்திருந்தான். காற்றிரைச்சல், குழந்தையழுகை, பறையொலி, இவற்றினூடே ஒரு குரல். தமிழ்தான், எனினும் பாதிச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. தமிழ் ஆனர்ஸ் மாணவன் விழித்தேன். அவன் நகைத்து, "இது எந்த ஆல்பத்திலும் இல்லை, அண்ணா" என்றான்.

பேருந்து இறங்குகையில் அதனையே கேட்டுக்கொண்டு வந்தேன். நான்கு நிமிடப் பதிவு. எட்டாம் வளைவிற்குள் மூன்றுமுறை கேட்டாயிற்று. விளங்காத சொற்களை எழுதி அவனுக்கு அனுப்பியுள்ளேன். ஆயாவைக் கேட்டுச் சொல்வதாக விடையெழுதினான். கடைத்தெருவிற்கு அடுத்து வரும்பொழுது அனுப்புவான்.