ஒரு லிங்க்கை எடுத்துட்டா சரியாப் போச்சா?

பழைய டோசர் வாங்கப் போறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பண்றாங்க. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி புகையைப் பாக்குறது, பிளேடைத் தூக்கி இறக்கச் சொல்றது, மணி மீட்டரைப் பாத்து தலையாட்டுறது, அப்புறம் புதுப் பெயிண்ட் வாசனையில மயங்கி அட்வான்ஸைக் குடுத்துட்டு வந்துடறது. எங்க பெரியப்பா பையனும் அதேதான் பண்ணினார். யாரும் குனிஞ்சு கீழ பாக்கலை. குவாரியில ஆறு வருஷம் மெயின்டனன்ஸ் பாத்த தம்பி ஒருத்தன் இருக்கானேன்னு அவருக்கு ஞாபகம் வந்தது, வாங்கி ரெண்டு மாசம் கழிச்சுத்தான்.

டோசரோட மொத்த ரிப்பேர் செலவுல ஏறக்குறைய பாதியை அண்டர்கேரேஜ்தான் முழுங்கும்னு தொழில்ல இருக்கிறவங்க சொல்வாங்க. செயின், ஷூ பிளேட், ரோலர், ஐட்லர், ஸ்பிராக்கெட் எல்லாம் சேர்த்துத்தான். இன்ஜினை ஒரு தடவை ஒழுங்காப் பிரிச்சு மாட்டினா பல வருஷம் ஓடும். இது அப்படியில்ல, நகர்ற ஒவ்வொரு அடியும் தேய்மானம்.

அண்ணனோடது பெமல் டி50. கோலார் தங்கவயல்ல பொறந்த மெஷின், அது மேல ஒரு குத்தமும் இல்லை. சரிவுல திரும்பும்போதெல்லாம் செயின் கழண்டு விழ ஆரம்பிச்சது. கிரீஸ் அடிச்சு டைட் பண்ணினார், திரும்பவும் பண்ணினார், அட்ஜஸ்டர் கடைசி வரைக்கும் வந்துடுச்சு. அப்பத்தான் பட்டறைக்காரர் (பேர் வேண்டாம், நல்ல மனுஷன்தான்) அந்த யோசனையைச் சொன்னார். "ஒரு லிங்க்கை எடுத்துட்டு மாட்டிடலாம்ணே, கச்சிதமா உக்காந்துடும்."

என்னைக் கேட்டா இந்த வைத்தியத்தைச் சட்டம் போட்டே தடை பண்ணணும் :-)

செயின் நீளமாகுதுன்னா இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுதுன்னு அர்த்தமில்லை. பின்னும் புஷ்ஷும் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரசித் தேயுது. ஒரு பக்கத்துக்கு 40 லிங்க்னு வெச்சுக்கோங்க. ஜாயிண்ட்டுக்கு 3 மி.மீ. தேஞ்சா மொத்தம் 120 மி.மீ. நீளம் கூடியிருக்கும். ஒரு லிங்க்கை எடுத்தா மொத்த நீளம் குறையும், வாஸ்தவம். ஆனா மிச்சமிருக்கிற 39 ஜாயிண்ட்லயும் அந்த 3 மி.மீ. அப்படியேதானே இருக்கு? ஸ்பிராக்கெட் பல்லோட இடைவெளி ஒண்ணு, புஷ்ஷுக்குப் புஷ் இடைவெளி வேற. புஷ் பள்ளத்துல உக்காராம பல் மேல ஏறி ஏறி இறங்கும். பல்லெல்லாம் கத்தி மாதிரி கூராகும். அதுக்கப்புறம் புதுச் செயினே போட்டாலும் அந்தப் பல் அதையும் தின்னுடும்.

உண்மையான வைத்தியம் பின், புஷ் திருப்புறது. ரெண்டுமே ஒரு பக்கம்தான் அதிகமா தேயும். ஹைட்ராலிக் பிரஸ்ல வெச்சு வெளிய தள்ளி, அரை வட்டம் திருப்பி, தேயாத பக்கம் வேலை செய்யற மாதிரி மறுபடியும் ஏத்தணும். சாதா செயின்ல இடைவெளி ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துடும். எண்ணெய் நிரப்பின சீல் செயின் கணக்கு கொஞ்சம் வேற. எண்ணெய் ஒழுகாத வரைக்கும் அதுல உள் தேய்மானம் ரொம்பக் குறைவு, புஷ்ஷோட வெளிப்பக்கத்துக்காகத்தான் திருப்புவாங்க.

ஆனா இதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. புஷ் மெலிஞ்சு வெடிப்பு விட்டுட்டா திருப்பிப் பிரயோஜனமில்லை. அதனால முன்னாடியே அளக்கணும். ஸ்பிராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவுல ஒரு பழைய பின்னை வெச்சு, வண்டியை மெதுவா ரிவர்ஸ் எடுத்தா மேல்செயின் விறைப்பா நிக்கும். வண்டியை நிறுத்திட்டு நாலு லிங்க் நீளத்தை டேப்புல அளந்து கம்பெனி அளவோட ஒப்பிடுங்க. பத்து நிமிஷ வேலை. வாங்கறதுக்கு முன்னாடி அண்ணன் இதைப் பண்ணியிருந்தா அண்ணியோட நகை இன்னிக்கு பேங்க்ல இருந்திருக்காது.

டைட் பண்றதைப் பத்தியும் சொல்லணும். தொங்கினா அசிங்கம்னு நினைச்சு நம்மாளுங்க செயினை வீணைக் கம்பி மாதிரி முறுக்கி வெக்கிறாங்க. அந்த இறுக்கம் எல்லா ஜாயிண்ட்டையும் சேர்த்துத் தேய்க்கும். எவ்வளவு தொங்கணும்னு மேனுவல்ல இருக்கு. அப்புறம் தேவையில்லாம ரிவர்ஸ்ல பறக்கிறது. புஷ்ஷுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் அதைவிடப் பெரிய எமன் கிடையாது.

லூஸ் பண்ணும்போது கிரீஸ் வால்வை முழுசாக் கழட்டுற பழக்கத்தை நானே கண்ணால பாத்திருக்கேன். உள்ள இருக்கிற அழுத்தத்துக்கு கிரீஸ் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும். மேனுவல் சொல்ற அளவுக்கு மெதுவாத் திறக்கணும், முகத்தை நேரா வெக்கக் கூடாது. ஐட்லருக்குப் பின்னாடி இருக்கிற ரீகாயில் ஸ்பிரிங்கைத் தகுந்த பிரஸ் இல்லாமப் பிரிக்கவே கூடாது. அது உயிர்ப் பிரச்சினை.

அண்ணன் மெஷினைப் பிரிச்சுப் பாத்தோம். பதினோரு புஷ்ஷுல வெடிப்பு. திருப்புற கட்டம் தாண்டிடுச்சு. லிங்க் உயரம் இன்னும் இருக்கிறதால அதை வெச்சுக்கிட்டு பின், புஷ் புதுசு, ரெண்டு பக்கமும் ஸ்பிராக்கெட் புதுசு, ஒழுகின மூணு ரோலர் புதுசுன்னு முடிவு பண்ணியிருக்கோம். வாங்கின விலையில மூணுல ஒரு பங்கு போகும். "ஸ்பிராக்கெட்டை மட்டும் அடுத்த வருஷம் பாத்துக்கலாமேடா"ன்னு நேத்து ராத்திரி போன் பண்ணினார். முடியாதுண்ணேன்னு சொல்லி வெச்சுட்டேன். இன்னிக்குக் காலையிலேர்ந்து என் போனை எடுக்க மாட்டேங்கிறார்.