பிடிக்காத பிரேக்கும் பிடிகொடுக்காத முகவரும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பயணித்தவர்கள் எங்கள் பிரம்மதேசத்தைக் கடந்திருப்பார்கள். உப்பு மூட்டைகள் ஏற்றிய லாரிகள், நெல் ஏற்றிய டிராக்டர்கள், திடீரெனக் குறுக்கே வரும் ஆடு மாடுகள், மிதிவண்டியில் செல்லும் பள்ளிப் பிள்ளைகள் என எல்லாவற்றுக்கும் இடமளிக்கும் சாலை அது. அதில் இருசக்கர வாகனத்தில் செல்பவரின் உயிரும், எதிரே வருபவரின் உயிரும் நம்பியிருப்பது பிரேக்கை மட்டுமே.

புதிதாக வாங்கிய என் வாகனத்தின் முன்சக்கர டிஸ்க் பிரேக், நான்காவது மாதத்தில் அவ்வப்போது பிடிக்காமல் போனது. எப்போதும் அல்ல, சில நேரங்களில் மட்டும் பிரேக் பிடி மெல்ல உள்ளே அமிழ்ந்து கைப்பிடியைத் தொட்டுவிடும். வண்டியை வாங்கிய இடத்துக்கு மூன்று முறை எடுத்துச் சென்றேன். மூன்று முறையும் ஊழியர் ஒருவர் வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, 'நன்றாகத்தான் பிடிக்கிறது சார்' என்றார். மூன்றாவது முறை மேலாளர் வேறொரு காரணம் சொன்னார்: 'உங்கள் ஊர் உப்புக் காற்று சார், அப்படித்தான் இருக்கும்'. பணிச் சீட்டில் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்டது, 'பொதுச் சோதனை, குறை இல்லை' என்பதே.

நான்காவது முறை வண்டி நின்றது, சாலையைக் கடந்த ஒரு சிறுமிக்கு ஒரு முழம் தொலைவில். அன்று மாலையே எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் பிரேக் பிடியை வேகமாக அழுத்தவில்லை. மெதுவாக, ஒரே அழுத்தமாகப் பிடித்துக் காத்திருந்தார். பிடி தானாக உள்ளே இறங்கியது. 'மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிடுச்சுண்ணே' என்றார்.

பிடியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் கேலிப்பர் வழியே பிரேக் கட்டைகளைத் தட்டின் மீது நெருக்குகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பழுதானால், எண்ணெய் வெளியே ஒரு சொட்டும் கசியாமல் உள்ளுக்குள்ளேயே பின்வாங்கிவிடும். வேகமாக அழுத்தினால் பிரேக் பிடிக்கும். மெதுவாக அழுத்தினால் ஏமாற்றும். வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இக்குறை சிக்காமல் போவதில் வியப்பில்லை.

வண்டியுடன் மீண்டும் முகவரிடம் சென்றபோது எனக்குக் கிடைத்த பதில், 'வெளி மெக்கானிக் கை வைத்துவிட்டார். வாரண்டி கிடையாது' என்பது. குறை இருக்கும்போது அது இல்லை என்றார்கள்; இருப்பது தெரிந்தபோது பொறுப்பு இல்லை என்றார்கள்.

இது தனியொருவரின் புலம்பல் என்றால் எழுத வேண்டியதில்லை. பிரேக் குறை என்பது உற்பத்தியாளர்களே ஒப்புக்கொண்ட உண்மை. 2019 மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், பிரேக் கேலிப்பர் போல்ட் தரக் குறைபாட்டுக்காக சுமார் 7,000 புல்லட் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. 2022 அக்டோபரில் மாருதி சுசுகி நிறுவனம், பின்சக்கர பிரேக் பாகத்தில் குறை இருக்கலாம் என்று 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. தாமாக முன்வந்து இப்படிச் செய்த நிறுவனங்களைக் குறைகூறுவதற்கில்லை, பாராட்டவே வேண்டும்.

ஆனால், இன்னொரு நிகழ்வும் கவனத்துக்குரியது. 2020-இல் இதே ராயல் என்ஃபீல்டு, பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியா ஆகிய இடங்களில் விற்ற சுமார் 15,200 வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அங்கு பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு, பிரேக் கேலிப்பரை அரிக்கக்கூடும் என்பதே காரணம். அந்தச் சாலை உப்பும் மரக்காணத்துக் கடற்காற்றும் ஒன்றல்ல. எனினும், 'உங்கள் ஊர் உப்பு அப்படி' என்று அங்கு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பவில்லை. வாகனம் ஓடும் சூழலைத் தாங்க வேண்டியது வாகனத்தின் கடமை என்று ஏற்கப்பட்டது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுகளுக்கு உள்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். உரிமையாளர்கள் இணையதளத்தில் பதிவு செய்யும் புகார்கள், அந்த மாதிரி வாகனத்தின் விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்து நிர்ணயிக்கப்பட்ட அளவை எட்டினால், அரசு நடவடிக்கை எடுக்கும்.

சிக்கல் இங்குதான். புகார்களின் எண்ணிக்கைதான் திறவுகோல் என்றால், அந்த எண்ணிக்கை எங்கே சேர வேண்டும்? பிரம்மதேசத்தில் வாகனம் வைத்திருக்கும் விவசாயிக்கு அப்படியோர் இணையதளம் இருப்பதே தெரியாது. அவர் புகார் சொல்லும் ஒரே இடம், வண்டி வாங்கிய கடை. அங்கு அவரது புகார் 'பொதுச் சோதனை' என்று எழுதப்பட்டு மறைந்து போகிறது. முகவர் கடையின் பணிச் சீட்டுக்கும் அரசின் பதிவேட்டுக்கும் இடையே பாலமே இல்லை.

விபத்துக்குப் பிறகும் இதே நிலைதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44 விழுக்காட்டினருக்கும் மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகமே முதலிடம். இறப்புகளில் 71 விழுக்காட்டுக்குக் காரணம் அதிவேகம் என்கிறது அவ்வறிக்கை. அதிவேகம் பெரும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று முதல் தகவல் அறிக்கை தொடங்கிவிட்டால், மெல்ல அமிழும் பிரேக்கை யார் தேடப் போகிறார்கள்? அன்று அந்தச் சிறுமி மீது வண்டி மோதியிருந்தால், நானும் அதிவேகக் கணக்கில் ஓர் எண்ணாகியிருப்பேன்.

நுகர்வோர் ஆணையத்தை நாடலாமே என்று கேட்கலாம். நாடலாம், நாட வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உற்பத்தியாளர், விற்பனையாளர், சேவை வழங்குபவர் ஆகிய மூவர் மீதும் பொருள் பொறுப்பு வழக்குத் தொடர வழிசெய்கிறது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, எங்களுக்கு விழுப்புரத்திலேயே, மனு அளிக்கலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

ஆனால், நடைமுறைத் தடைகள் உண்டு. குறையை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழுகிறது. ஆய்வகச் சோதனைக்கான கட்டணத்தையும் மனுதாரரே முதலில் செலுத்த வேண்டியிருக்கலாம். 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம், உற்பத்தியாளருக்கும் முகவருக்கும் இடையிலான உறவு தனித்தனி முதலாளிகளுக்கு இடையிலானது என்றால், முகவரின் தவறு உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிறுவப்படாத நிலையில் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால், வாசலில் ஒரே பெயர்ப் பலகையைப் பார்த்து நம்பி வாங்கும் சாமானியருக்கு, உள்ளே இரு வேறு முதலாளிகள் இருப்பது எப்படித் தெரியும்?

முகவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பராமரிக்காத வாகனத்தைக் கொண்டுவந்து குறை கூறுபவர்கள் உண்டு. ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்ட பிரேக் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாதவர்கள் ஏராளம். எனவேதான் இருதரப்புக்கும் பொதுவான சோதனை தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பிரேக், ஸ்டியரிங் தொடர்பான புகார்களை வாடிக்கையாளர் சொன்ன சொற்களிலேயே பணிச் சீட்டில் பதிவு செய்வதும், அவற்றை அரசின் இணையதளத்துக்கு அனுப்புவதும் முகவருக்குக் கட்டாயமாக்கப்பட வேண்டும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை, வாகனப் புகார்களை எவரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கிறது. இங்கும் அது வேண்டும். குறை உண்டா இல்லையா என்ற தகராறு எழும்போது, திண்டிவனம் போன்ற ஊர்களின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே குறைந்த கட்டணத்தில் பிரேக்கைச் சோதித்துச் சான்று பெறும் வசதி வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பணிச் சீட்டில் 'பொதுச் சோதனை' என்று எழுதினால் கையொப்பமிட மறுப்போம். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று எழுதச் சொல்வோம். எழுத மறுத்தால், அந்த இடத்திலிருந்தே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்போம். நான் இவற்றை நான்காவது முறைக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அந்தச் சிறுமி இன்றும் அதே சாலையைக் கடந்துதான் பள்ளிக்குச் செல்கிறாள். இன்னொருவர் கற்றுக்கொள்வதற்கு அவள் விலையாகிவிடக் கூடாது.