பாவு நின்றால் தறி நிற்கும்

எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. அங்கிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில் ஆறாலுமூடு கடந்ததும், அதியன்னூரை ஒட்டிக் கிடக்கிறது பாலராமபுரம். ஆவணி பிறந்துவிட்டால் இந்தச் சாலையோரத் துணிக்கடைகளில் எங்கு பார்த்தாலும் வெள்ளையும் பொன்னும்தான். செட்டுமுண்டு, நேரியது, பொன்சரிகைக் கரையிட்ட கசவுச் சேலை. ஓணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் என்றால் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது.

பத்திரிகைக்காரர்களும் அந்த நாட்களில்தான் வருவார்கள். நாமும் போயிருக்கிறோம். குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், இந்தத் தொழிலில் எப்படி ஆர்வம் வந்தது, எது உங்களுக்கு உந்துதல் என்று கேட்போம். அப்பாவைப் பார்த்துப் படித்ததாகச் சொல்வார். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். முடிந்த சேலைக்கான கூலி என்றைக்குக் கைக்கு வரும் என்று நாம் கேட்டதில்லை. உங்கள் பிள்ளையை இந்தக் குழியில் உட்கார வைப்பீர்களா என்றும் கேட்டதில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைக்காத வரை, கைத்தொழில் செய்பவரின் ஆர்வத்தைப் புகழ்ந்து எழுதுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அந்தத் தொழிலை நிலைக்க வைத்தது ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைத் திரும்ப உண்டாக்க வேண்டும் என்பதே நம் நிலை.

பாலராமபுரத்தின் பிறப்பே இதற்குச் சாட்சி. திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில் உருவான ஊர் இது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெசவைத் தொழிலாகக் கொண்ட 7 சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து குடியமர்த்தினார்கள் என்பது ஊர் வரலாறு. தறி போட இடம் கொடுத்தார்கள். நெய்த துணிக்கு அரண்மனையே வாடிக்கையாளர். ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்ற நான்கு தெருக்களும் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.  அந்த 7 குடும்பங்களுக்கும் கையில் வித்தை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் வித்தையை மட்டும் நம்பி அவர்கள் ஊரைவிட்டு வரவில்லை. நிலமும் உண்டு, நூலும் உண்டு, துணியை வாங்க ஆளும் உண்டு என்ற உறுதி இருந்ததால் வந்தார்கள். இன்றைக்கு அந்த மூன்றில் எது உறுதி?

தறியில் உட்கார்ந்திருப்பவரைத்தான் நாம் படம் பிடிக்கிறோம். துணி அங்கே தொடங்குவதில்லை. இங்கே ஓடுவது 100, 120 கவுண்டு நூல். 100 கவுண்டு என்றால், ஒரு பவுண்டு எடையுள்ள நூலை நீட்டிப் பிடித்தால் 76 கிலோமீட்டருக்கு மேல் போகும். நாகர்கோவிலில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை திருவனந்தபுரத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு மெல்லிய நூலை ஊற வைத்து, கழுவி, ராட்டையில் சுற்றி, துணியின் நீளவாட்டு இழைகளான பாவை ஓட்டி, பிறகு தெருவுக்குக் கொண்டுவருவார்கள். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, தேங்காயெண்ணெய் தடவி, நீளமான பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார்கள். இதுதான் பாவு ஆற்றுதல். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. கஞ்சி சீராக ஏற வேண்டும். வெயில் முறுகுவதற்கு முன்பு வேலை முடிய வேண்டும். ஓர் ஆளால் ஆகாது, பல பேர் சேர்ந்து நிற்க வேண்டும். மழை வந்தால் அன்றைய பாவு அவ்வளவுதான். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் எத்தனை காலைகள் இப்படிக் கைவிட்டுப் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கஞ்சி சரியாக ஏறாத பாவில் எந்த வித்தைக்காரர் உட்கார்ந்தாலும் இழை அறுந்துகொண்டே இருக்கும். கையால் எறியும் நாடா ஓடுகிற பழைய குழித்தறி இது. பாலராமபுரத் துணியின் அடையாளமாகப் புவிசார் குறியீட்டுப் பதிவு சொல்வதும் இந்தத் தறியைத்தான். துணியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. அந்த அழகில் பாதி தெருவில் நின்றவர்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். நாடாவுக்கான தார் சுற்றுவதும் ராட்டை சுற்றுவதும் பெண்கள். இந்த வேலைகளுக்குக் கிடைக்கும் கூலி, தறிக் கூலியைவிடவும் குறைவு. ஓணக் கதைகளில் இவர்கள் வருவதே இல்லை. பாவு ஆற்றத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனால் குழித்தறிகள் தாமாகவே நின்றுவிடும். யாரும் பூட்டுப் போட வேண்டியதில்லை.

நாட்டுக் கணக்கும் இந்தக் கூலிக் குறைவையே சொல்கிறது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, கைத்தறியில் இருப்பவர்கள் சுமார் 35.22 லட்சம் பேர். நெசவாளர்கள் 26.73 லட்சம், பாவு, நூல், கஞ்சி போன்ற துணை வேலைகளில் 8.48 லட்சம். மொத்தத்தில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு அப்போது மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதித்தன. வீட்டு மளிகைக்கே போதாத இந்தத் தொகையைக் காட்டி ஓர் இளைஞனிடம் பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்கிறது. உச்ச நீதிமன்றமும் 1993இல் அதை உறுதி செய்தது. முதலில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டு வகைகள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. மீறினால் விசைத்தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை என்று 1985 சட்டம் விதித்தது. 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டமோ இன்னும் கடுமையானது. பொய்யாக ஒரு குறியீட்டைப் பயன்படுத்தி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாலராமபுரம் சேலைகளும் நுண்பருத்தித் துணிகளும் 2009-10இல் இந்தக் குறியீட்டைப் பெற்றன. ஆனாலும் விசைத்தறியில் ஓடிய கசவுத் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது நின்றபாடில்லை. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. விலை பாதி என்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

நாம் விசைத்தறிக்கு எதிரி அல்ல. அந்தத் தறியை நம்பியும் பல குடும்பங்கள் இருக்கின்றன. குறைந்த வருமானக்காரருக்கும் ஓணத்துக்கு ஒரு புது முண்டு வேண்டும். விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்று சொல்லி விற்றால் ஒரு தவறும் இல்லை. ஒரு பாவுக்காக விடியலில் தெருவில் நின்ற பத்துப் பேரின் உழைப்பை, வேறொரு துணியின் விலைச்சீட்டில் ஒட்டுவதைத்தான் திருட்டு என்கிறோம்.

இன்னொரு மறுப்பும் வரும். நெசவாளர் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகட்டுமே, எதற்குத் தறியில் கட்டிப்போட வேண்டும் என்பார்கள். இதில் நியாயம் உண்டு, இதை நாம் முழு மனதோடு ஏற்கிறோம். பிறப்பால் ஒருவரைக் குழிக்குள் இறக்குவது எந்தக் காலத்திலும் சரியல்ல. ஆனால் பாலராமபுரம் நெசவு ஒரு சாதியின் நான்கு தெருக்களோடு நின்றுவிடவும் இல்லை. கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு சுற்றியுள்ள ஊர்களில் பிற சமூகத்தாரும் தறி கற்றுக்கொண்டார்கள். கூலி நின்று நிலைத்தால் தொழில் ஆளைத் தேடிக்கொள்ளும். கூலி இல்லாத இடத்தில்தான் அது பரம்பரைக் கடமையாக மிஞ்சுகிறது.

உந்துதலும் ஏற்பாடும் கைகோத்த ஓர் எடுத்துக்காட்டைக் கேரளமே காட்டியிருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் சேந்தமங்கலத்தில் ஓணத்துக்காக நெய்து வைத்திருந்த சேலைகள் சேற்றில் ஊறிப்போயின. சமூகத் தொழில்முனைவோரான லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தக் கறைபடிந்த துணியை வாங்கி, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து, வெட்டி, 'சேக்குட்டி' என்ற சின்னப் பொம்மைகளாக்கினார்கள். ஒரு சேலையில் 360 பொம்மைகள், ஒன்று 25 ரூபாய். ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்றிருக்க வேண்டிய சேலை 9,000 ரூபாயானது, பணம் நெசவாளர் சங்கத்துக்குப் போனது. பொம்மை செய்யப் பல ஊர்களிலிருந்து தன்னார்வலர்கள் திரண்டார்கள். அந்த முயற்சியை உலகம் வாழ்த்தியது. நாம் அதைப் போற்றுவது அதன் கணக்குக்காக. பொம்மையின் கதையில் உருகியவர் கொடுத்த 25 ரூபாய் எங்கே போய்ச் சேரும் என்பது முதல் நாளிலேயே முடிவு செய்யப்பட்டிருந்தது.

கேரள அரசு 2017 முதல் பள்ளிச் சீருடையைக் கைத்தறியில் நெய்யச் சொன்னதும் இந்த வகையில் நல்ல முடிவே. பண்டிகைக்கு மட்டும் வேலை என்ற நிலைமையை அது மாற்றியது. ஆண்டு முழுவதும் தறி ஓட வழி பிறந்தது. அரண்மனை இருந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்து நின்றது என்றே சொல்லலாம். ஆனால் அந்தத் திட்டத்தின் கூலி நிலுவை பற்றி நெசவாளர்கள் பலமுறை குரல் எழுப்ப வேண்டியிருந்தது. நெய்த சீருடையைப் பிள்ளை போட்டுக் கிழித்த பிறகு கூலி வருமென்றால் அதை வாடிக்கையாளர் என்று எப்படிச் சொல்வது? மத்திய அரசின் பக்கமும் குறை உண்டு. 1905ஆம் ஆண்டு சுதேசி இயக்கத்தின் நினைவாக ஆகஸ்ட் 7ஐ 2015இல் தேசியக் கைத்தறி நாளாக அறிவித்தார்கள். 2020இல் அந்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள். நெசவாளர் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேச இருந்த ஓர் இடம் போனது.

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாநில எல்லைகள் திருத்தப்பட்ட 1956 நவம்பர் 1இல் கல்குளமும் விளவங்கோடும் இங்கே தமிழகத்துக்கு வந்தன, நெய்யாற்றின்கரை அங்கே கேரளத்தில் நின்றது. கோடு போட்டது அன்றைக்கு. உறவும் தொழிலும் அதற்கு முந்தியவை. இங்கிருந்து போன நெசவாளர் வழிவந்தவர்கள் அங்கே தறியில் இருக்கிறார்கள். சென்னை, கோவைக் கல்லூரிகளில் ஓணத்தன்று நம் பெண்பிள்ளைகள் உடுத்துவது கசவுச் சேலை. வாங்குகிறவர்களில் நாமும் பெரும் பங்கு. ஆகவே கேட்கிற பொறுப்பும் நமக்கு உண்டு.

பாலராமபுரத்தில் தெருவில் நடக்கும் பாவு வேலைக்குக் கூரையிட்ட பொதுக்கூடம் கட்டித் தர வேண்டும். மழைநாளிலும் பாவு ஆற்ற முடிந்தால் ஆண்டின் வேலைநாள் கூடும். தார் சுற்றுபவருக்கும் பாவு ஆற்றுபவருக்கும் தனிக் கூலி நிர்ணயித்து, நலவாரியப் பதிவும் ஓய்வூதியமும் நெசவாளருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும். சீருடைக் கூலி துணி ஒப்படைத்த மாதமே வங்கிக்குப் போக வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் ஒருகாலத்தில் சேலையோடு நெசவாளரின் படமும் பெயரும் போட்ட அட்டையை இணைத்தது. கசவுத் துணிக்கும் அப்படி ஓர் அட்டை வேண்டும், அதில் நெய்தவர் பெயருக்குப் பக்கத்தில் பாவு ஆற்றியவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

இவற்றில் முதலில் செய்யக்கூடியது மிகச் சிறிய காரியம். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. அதைச் சட்டப்படி பயன்படுத்தும் உரிமையை ஒவ்வொரு உற்பத்தியாளரும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்த நெசவாளர் பெயர் பட்டியலில் இருந்தால்தான் போலியைப் பிடித்து வழக்குப் போட வலு கிடைக்கும். 500 ரூபாயாக இருந்த அந்த விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப வக்கீலைத் தேடி ஒரு நாள் கூலியை இழக்க நெசவாளரால் முடியாது. கைத்தறித் துறை அதிகாரிகள் படிவங்களோடு நான்கு தெருக்களுக்கும் அதியன்னூர் பக்கத்துச் சங்கங்களுக்கும் நேரில் போய் முகாம் நடத்தட்டும். மாலை நேரத்தில் நடத்தட்டும். காலையில் அவர்கள் பாவோடு நிற்பார்கள்.